குரங்கணித் தீயும் பொறுப்புக் கணக்கும்

மாசி பிறந்து மலைப்புல் காயத் தொடங்கியதும், குரங்கணியில் இரவு படுக்கப் போகுமுன் ஒரு முறை வாசலுக்கு வந்து மலையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். சங்க வேலையாகச் சென்று அங்கே ஓர் இரவு தங்க நேர்ந்தபோது இதை நாம் கண்டோம். எதற்காக இப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, நமக்கு இடம் தந்த ஏலக்காய் விவசாயி, "எங்கேயாவது சிவப்பாகத் தெரிகிறதா என்று பார்க்கிறோம், ஐயா. அந்த வருஷத்திலிருந்து வந்த பழக்கம்" என்றார். எந்த வருஷம் என்று நாம் கேட்கவில்லை. போடிநாயக்கனூர்ப் பக்கத்தில் அதைக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மலையேற வந்திருந்த 36 பேர் கொழுக்குமலைப் பக்கமிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் இளம் பெண்கள். இடைவழியில் காய்ந்த போதைப்புல் தீப்பற்றி எரிந்தது. காற்று அதைச் சரிவில் தள்ளிக்கொண்டு வந்தது. தீயைக் கண்டு கூட்டம் சிதறியது. சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள். சிலரைத் தீ சூழ்ந்துகொண்டது. 9 பேர் மலையிலேயே மாண்டனர். மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் பிற இடங்களிலும் சேர்க்கப்பட்டவர்கள் அடுத்தடுத்த வாரங்களில் ஒருவர் பின் ஒருவராக இறக்க, மாண்டோர் தொகை 20-க்கும் மேலாயிற்று.

அன்று மாலை முதலில் மலை ஏறியவர்கள் குரங்கணியையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த எளிய மக்களே. கையில் டார்ச் விளக்கும் போர்வையும் தவிர அவர்களிடம் வேறொன்றும் இல்லை. போர்வையையே தூளியாகக் கட்டி, வெந்த உடல்களைத் தோளில் சுமந்து இருட்டில் இறக்கினார்கள். விமானப்படையின் ஹெலிகாப்டர்களின் மீட்புப் பணி மறுநாள் பொழுது விடிந்த பிறகே முழு அளவில் நடந்தது. இரவில் அந்தப் பள்ளத்தாக்கில் ஹெலிகாப்டர் இறங்க முடியாது என்பதை நாமும் ஒப்புகிறோம்.

பிறகு நடந்தவற்றையும் யாவரும் அறிவர். முதல் மந்திரியாக இருந்த எடப்பாடி பழனிசாமி மதுரைக்கு வந்து காயம்பட்டோரைப் பார்த்தார். இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 4 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. போடிநாயக்கனூர்த் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரான ஓ. பன்னீர்செல்வமே அப்போது துணை முதல் மந்திரி. வனச்சரகர் ஒருவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். மலைக்கு அழைத்து வந்தவர்கள் மீது வழக்குப் பதிவாயிற்று. வருவாய்த்துறையின் முதன்மைச் செயலாளராக இருந்த அதுல்ய மிஸ்ரா விசாரணை அதிகாரியாக நியமிக்கப்பட்டுக் குரங்கணிக்கே வந்து விசாரித்தார்.

இவ்வளவும் நடந்தபின் நம் மனத்தில் எழும் கேள்வி ஒன்று உண்டு. சரகர் பொறுப்பு, அழைத்து வந்தவர் பொறுப்பு, சென்றவர்களும் ஓரளவு பொறுப்பு என்றால், ஆட்சிப் பீடத்தில் அமர்ந்தோரின் பொறுப்பு எது? அது ஆறுதல் சொல்வதோடும் காசோலை வழங்குவதோடும் முடிந்துவிடுகிறதா?

நாம் கட்சி பேச வரவில்லை. நாமும் சர்க்கார் சம்பளம் பெறுபவர். கட்சி பேசுவது நம் வேலையும் அன்று. ஆனால் கணக்குக் கேட்பது நம் வேலை. அந்த வழக்கத்திலேயே இதை எழுதுகிறோம்.

மழையும் ஓடும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தில் நாம் கண்ட நிகழ்ச்சி இது. ஐப்பசி மழையில் சங்கக் கிடங்கு ஒழுகி நூல் சிப்பங்கள் நனைந்து பாழாயின. பேரவைக் கூட்டத்தில் இந்த நஷ்டம் படிக்கப்பட்டது. தலைவர் எழுந்து, "மழை பெய்ததற்கு நிர்வாகக் குழு என்ன செய்ய முடியும்? இது தெய்வச் செயல்" என்றார். பலரும் தலையை ஆட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு முதிய நெசவாளர் எழுந்தார். அவர் கூட்டங்களில் அதிகம் பேசுபவர் அல்லர். "மழைக்கு உங்களை யார் கேட்டது, தலைவரே? போன வருஷம் ஓடு மாற்றுவதற்கு இதே இடத்தில் தீர்மானம் போட்டோம். அந்தப் பணம் என்னாயிற்று என்றுதான் கேட்கிறேன்" என்றார்.

கூட்டம் அமைதியாகிவிட்டது. நிகழ்ச்சிக் குறிப்பேட்டைப் புரட்டினோம். தீர்மானம் இருந்தது. ஓடுதான் மாறவில்லை.

இயற்கைச் சேதத்தில் தலைவர்களின் பொறுப்பு என்ன என்று எத்தனையோ பெரியோர் எழுதியிருக்கிறார்கள். அந்த நெசவாளரின் ஒரு கேள்வியைவிடத் தெளிவாக அதைச் சொன்னவரை நாம் இதுவரை படித்ததில்லை. மழை எவருக்கும் கட்டுப்பட்டதன்று. ஓடு நமக்குக் கட்டுப்பட்டது. தீப்பொறி எங்கிருந்து விழுந்தது என்பதில் பல அபிப்பிராயங்கள் இருக்கலாம். ஆனால் கோடைக்கு முன்னரே புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடுகள் போடப்பட்டனவா, காவலர்கள் போதுமான பேர் இருந்தார்களா, செயற்கைக்கோள் வழியாக இந்திய வன அளவைத் துறை அனுப்பும் தீ எச்சரிக்கைகளைப் பார்த்து அந்தப் பாதையை மூடும் அதிகாரம் எவரிடம் இருந்தது, மலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கு அடிவாரத்தில் எவரிடமாவது இருந்ததா என்பன எல்லாம் ஓட்டைப் பற்றிய கேள்விகள். இவற்றுக்கான பணத்தையும் ஆட்களையும் ஒதுக்குவது சரகர் அல்லர். ஒதுக்குபவர் மந்திரி.

நம் கூட்டுறவுச் சட்டம் இந்த வேறுபாட்டை நன்கு அறிந்திருக்கிறது. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81-ஆம் பிரிவுப்படி விசாரணை நடக்கிறது. நஷ்டம் நேர்ந்துவிட்டது என்பதற்காக மட்டும் எவர் தலையிலும் அது கட்டப்படுவதில்லை. நம்பிக்கை மோசம் செய்தாரா, வேண்டுமென்றே அசட்டையாக இருந்தாரா என்று பார்த்த பிறகே 87-ஆம் பிரிவுப்படித் தண்டத்தீர்வை விதிக்கப்படுகிறது. அப்படி விதிக்கும்போது குமாஸ்தா மட்டும் அகப்பட்டுத் தலைவர் தப்பிவிடலாம் என்று சட்டம் சொல்லவில்லை. ஒரு நூல் சிப்பத்துக்கு இருக்கும் இந்த நியாயம் 20-க்கும் மேற்பட்ட உயிர்களுக்கு இருக்க வேண்டாமா?

அரியலூரும் ஒடிசாவும்

பொறுப்பு என்ற சொல்லுக்குப் பொருள் காட்டிய நிகழ்ச்சி நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலை அரியலூருக்கு அருகே, மருதையாற்றில் பெருகிய வெள்ளம் பாலத்தைச் சிதைத்துவிட, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். அதே ஆண்டில் மெகபூப்நகர் விபத்தின்போதும் அவர் விலக முன்வந்திருந்தார். நேரு அப்போது இணங்கவில்லை. அரியலூருக்குப் பின் இணங்கினார். விபத்துக்குச் சாஸ்திரி காரணம் என்பதற்காக அன்று, அரசியல் முறைமைக்கு ஒரு முன்மாதிரி வேண்டும் என்பதற்காகவே இதை ஏற்பதாக அவர் பார்லிமெண்டில் விளக்கினார்.

ஆற்றில் வெள்ளத்தை வரவழைத்தவர் சாஸ்திரி அல்லர். எனினும் பாலம் தம் இலாகாவைச் சேர்ந்தது என்று அவர் கருதினார். அவருக்கு அதனால் குறைவு ஏற்படவில்லை என்பதையும், 8 ஆண்டுகளுக்குள் அவரே பிரதம மந்திரியானார் என்பதையும் நம் அங்கத்தினர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆயினும் ராஜினாமா ஒன்றே பொறுப்பு என்று நாம் சொல்லமாட்டோம். செயலாளர் விலகிவிட்டால் கிடங்கின் ஒழுக்கு நின்றுவிடாது. அடுத்து வருபவர் ஓடு மாற்ற வேண்டும். இதற்கு ஒடிசா நல்ல உதாரணம். 1999 அக்டோபர் 29-ல் அங்கே அடித்த பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள். நிவாரணம் தாமதமாயிற்று என்ற கண்டனம் எழுந்து, முதல் மந்திரி கிரிதர் கமாங் அந்த டிசம்பரில் பதவி விலக நேர்ந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஆட்சியும் மாறியது. பின்னர் வந்தவர்கள் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் கட்டினார்கள். பேரிடருக்கெனத் தனி நிர்வாக அமைப்பை வளர்த்தார்கள். கிராமந்தோறும் பயிற்சி கொடுத்தார்கள். 2013 அக்டோபரில் பாய்லின் புயல் அதே கரையைத் தாக்கியபோது லட்சக்கணக்கானோர் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டிருந்தனர். மாண்டோர் 50-க்கும் குறைவு. கடல் மாறவில்லை, கரையும் மாறவில்லை. தலைவர்களைக் கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்ற நினைவு மாறியிருந்தது.

மலைக்கு அப்பால்

குரங்கணி மலையின் உச்சிக்கு ஏறினால் அப்பால் மூணாறு. இந்த இரண்டு பக்கத்தையும் ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டிகள் இணைத்தன. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கோட்டகுடி அடிவாரத்துக்கு அவை இறங்கும். 1924-ஆம் ஆண்டு வெள்ளம் அந்த ரயில் பாதையை அடியோடு அழித்தது. துரைத்தனத்தார் காலம் அது. வெள்ளத்தில் போன கூலிகளுக்காகக் கணக்குக் கேட்க எவருக்கும் வாக்குச்சீட்டு இல்லை.

வாக்குச்சீட்டு வந்த பின்னர் என்ன மாறிற்று என்பதைப் பெட்டிமுடியில் பார்க்கலாம். 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு அங்கே மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் லயன் வீடுகளை மூடியது. 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் தமிழர், தூத்துக்குடி ஜில்லா கயத்தாற்றுப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள் பல. இரவில் நடந்த செய்தி மறுநாள் காலையில்தான் வெளியே வந்தது. அந்த மறுநாள் இரவிலேயே கோழிக்கோடு விமான நிலையத்தில் விமானம் ஒன்று ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது. கேரள முதல் மந்திரி பினராயி விஜயன் விமான விபத்து நடந்த இடத்துக்கு உடனே சென்றார். பெட்டிமுடிக்கு அவர் வந்தது 13-ஆம் தேதி. விமானத்தில் மாண்டோர் குடும்பத்துக்கு அந்த சர்க்கார் அறிவித்தது 10 லட்சம். மண்ணில் புதைந்தோர் குடும்பத்துக்கு 5 லட்சம்.

மழையும் மூடுபனியும் இருந்தன, பாதை மோசம் என்று காரணம் சொல்லலாம். அதில் உண்மையும் இருக்கலாம். ஆனால் பாதி என்ற அந்தக் கணக்குக்கு மூடுபனி காரணமாகாது. உழைப்பாளியின் உயிருக்கு எவ்வளவு என்று எழுதும் கை எதை நினைத்து எழுதுகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. இது எந்த ஒரு கட்சியின் குற்றமும் அன்று. மலைக்கு இந்தப் பக்கம் ஒரு கட்சி, அந்தப் பக்கம் வேறொரு கட்சி. பழக்கம் மட்டும் ஒன்றுதான்.

எதைக் கேட்கிறோமோ அதுவே கிடைக்கும்

இனி நம் பக்கத்துக் கணக்கையும் பார்ப்போம். லண்டன் பொருளாதாரப் பள்ளியைச் சேர்ந்த டிமதி பெஸ்லி, ராபின் பர்கஸ் என்ற இரு அறிஞர்கள், 1958 முதல் 1992 வரை நம் நாட்டின் 16 பெரிய மாநிலங்களை ஆராய்ந்து 2002-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பயிர் அழிந்த காலத்திலும் வெள்ளக் காலத்திலும், எந்த மாநிலத்தில் மக்கள் அதிகமாகப் பத்திரிகை படிக்கிறார்களோ அந்த மாநில சர்க்கார் அதிகமாக உதவி செய்தது என்று அவர்கள் கண்டார்கள். அதிலும் வட்டார மொழிப் பத்திரிகைகளின் பலனே பெரிது. ஆகவே நம் சிறு சங்கப் பத்திரிகையையும் அற்பமாக எண்ண வேண்டாம்.

அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா என்ற இருவர் 2009-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு மறுபக்கம். நிவாரணம் கொடுத்த ஆட்சிக்கு மக்கள் வாக்களிக்கிறார்கள்; முன்னேற்பாட்டுக்குச் செலவிட்ட ஆட்சிக்கு வாக்களிப்பதில்லை என்று அவர்கள் கண்டார்கள். முன்னேற்பாட்டில் போட்ட ஒரு டாலர் பின்னால் ஏறத்தாழ 15 டாலர் சேதத்தைத் தடுக்கிறது என்றும் கணக்கிட்டார்கள்.

இது அமெரிக்காவின் குறை மட்டுமா? வெள்ளத்தில் அரிசி மூட்டை தந்தவருக்கு நாம் மாலை போடுகிறோம். வெள்ளம் வராமல் வாய்க்கால் வெட்டியவரின் பெயர் நமக்குத் தெரியாது. தீ பிடித்தபின் ஓடி வருபவர் நம் கண்ணில் படுகிறார். தை மாதத்தில் தீக்கோடு போடச் சொன்னவர் கண்ணில் படுவதில்லை. நாம் எதற்கு மதிப்பளிக்கிறோமோ அதைத்தானே தலைவர்கள் நமக்குத் தருவார்கள்?

சட்டத்தில் குறைவில்லை. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாநில ஆணையத்தின் தலைவர் முதல் மந்திரியே. ஜில்லா ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர். ஒவ்வொரு ஜில்லாவுக்கும் ஒரு திட்டம் இருக்க வேண்டும். அதை ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு வகுத்த முறையில், மாநிலப் பேரிடர்ப் பணம் 100 ரூபாய் என்றால் 20 ரூபாய் ஆபத்தைத் தணிக்கும் வேலைகளுக்கு. மீதி 80-லும் 10 ரூபாய் ஆயத்தத்துக்கு. நூற்றுக்கு 30 ரூபாய் தீ பிடிக்குமுன், வெள்ளம் வருமுன் செலவிட வேண்டிய பணம். அது ஓடு மாற்றும் பணம்.

தணிக்கையும் நடக்கிறது, ஆனால் தாமதமாக. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த வெள்ளம் மனிதர் செய்த பேரிடரே என்று கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை சொல்லிற்று. அது சட்டசபையில் வைக்கப்பட்டது 2018-ல். தணிக்கை தாமதித்தால் சான்றும் மறையும், கோபமும் ஆறும். சங்கத் தணிக்கையில் நாம் அன்றாடம் காணும் உண்மை இது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். ஒவ்வொரு சேதத்துக்கும் தலைவர்களைக் குறை சொன்னால், அவர்கள் அஞ்சி உண்மையை மறைப்பார்கள். அல்லது மலையையே பூட்டிவிடுவார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். குரங்கணி மக்களுக்கு இந்த அச்சம் நியாயமானதே. தீக்குப் பின் கெடுபிடி வந்தால் அது முதலில் விழுவது மலைமேல் காப்பியும் மிளகும் பறிக்கப் போகிறவர் தலையில்தான். ஆகவேதான் பழி வேறு, கணக்கு வேறு என்று பிரித்துச் சொல்கிறோம். தடுக்க முடியாதது எது, தெரிந்தும் செய்யாதது எது, செய்ததாக எழுதிச் செய்யாமல் விட்டது எது என்று மூன்று பத்தியாகப் பிரித்து எழுதப்பட்ட கணக்கே நமக்கு வேண்டும். முதல் பத்தியில் வருவதற்கு எவரையும் வருத்தக் கூடாது. மற்ற இரண்டுக்கும் எவரையும் தப்பவிடக் கூடாது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். குரங்கணிக்குப் பின் 2018-லேயே மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024-ல் சர்க்காரே 40 தடங்களைக் குறித்து, முன்பதிவும் வழிகாட்டியும் உண்டு என்று ஒரு திட்டம் தொடங்கிற்று. இவை நல்ல காரியங்கள். ஆனால் விசாரணை அறிக்கை என்ன சொல்லிற்று என்று அடிவாரத்தில் நாம் கேட்டுப்பார்த்த வரையில், அதைப் படித்ததாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. அன்றிரவு சடலங்களைச் சுமந்தவர்களுக்கு அதைப் படித்துக் காட்டும் கடமை எவருடையது?

அங்கத்தினர் செய்ய வேண்டியவை

ஜனவரி 26-ல் கிராம சபை கூடுகிறது. தீக்காலத்துக்கு முந்தைய கூட்டம் அது. இந்த ஆண்டு தீக்கோடு எத்தனை மைல், காவலர் எத்தனை பேர் என்று மலையடிவாரத்து அங்கத்தினர்கள் அங்கே கேட்கட்டும். ஆகஸ்டு 15-லும் அக்டோபர் 2-லும் கூடுவது மழைக்கு முந்தைய கூட்டங்கள். வாய்க்காலைப் பற்றியும் கண்மாய்க் கரையைப் பற்றியும் சமவெளி அங்கத்தினர்களும், தறிக்குழியில் தண்ணீர் ஏறும் தெருக்களின் நெசவாளர்களும் அங்கே கேட்கட்டும். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்யட்டும். பதில் கிடைக்கவில்லையானால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடலாம். வாக்குக் கேட்டு வருபவரிடம், சென்ற வெள்ளத்தில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்பதோடு, அடுத்த வெள்ளத்துக்கு என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள் நமக்கும் நம் வீட்டுக்கும் உரியது. பேரவைக் கூட்டத்தில் கையெழுத்திட்டு, காரமும் காப்பியும் வந்ததும் எழுந்து போகும் அங்கத்தினர்களை நாம் சங்கந்தோறும் காண்கிறோம். தம் சங்கத்தின் ஓட்டைப் பற்றிக் கேட்காதவர், மாநிலத்தின் ஓட்டைப் பற்றி எப்படிக் கேட்பார்? கேட்கும் பழக்கம் சிறிய இடத்தில் பிறந்து பெரிய இடத்துக்குப் போவது. கூட்டுறவு இயக்கம் மக்களுக்குக் கடன் கொடுத்தது, நூல் கொடுத்தது, உரம் கொடுத்தது என்று பேசுகிறோம். எழுந்து நின்று கணக்குக் கேட்கும் பழக்கத்தைக் கொடுத்தது அவற்றிலும் பெரிது என்பது நம் அபிப்பிராயம்.

அந்த நெசவாளர் சங்கத்தில் மறு ஆண்டே ஓடு மாற்றப்பட்டது. தலைவர் அதே தலைவர்தான். குரங்கணியில் ஊரார் இன்னும் இரவில் வாசலுக்கு வந்து மலையைப் பார்த்துவிட்டே படுக்கிறார்கள். அவர்களுக்காகப் பார்த்துக்கொள்ள ஓர் அரசு இருக்கிறது என்ற நம்பிக்கையோடு அவர்கள் உறங்கும் நாள் வர வேண்டும். அது வரும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.